மூன்றாவது கோப்பைக்காக நான் மாற்றிச் சொன்னது

இந்த வருடம் தொழில்முறை அணிகளுக்குள் காலடி வைக்கும் உங்களைப் போன்ற நாலைந்து பேருக்கு ஏதாவது எழுதித் தரும்படி எங்கள் விளையாட்டுக் கழகத்தில் கேட்டார்கள். "உங்கட மூண்டு கோப்பையைப் பற்றியும் எழுதுங்கோ அண்ணை, பெடியளுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். உள்ளதைத்தான் எழுதுவேன்.

பதினொரு பருவங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆடினேன். நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் பெரிய லீக் அல்ல. கனடா-அமெரிக்க எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பஸ்ஸில் ஓடித் திரிந்து ஆடிய சின்ன லீக். பருவம் முடிந்தால் மொன்றியால் டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினேன். அங்கே கழுவிய கோப்பைகளுக்குக் கணக்கில்லை, ஆடி வென்ற கோப்பைகள் மூன்றுதான். எப்படிப் பந்தைக் கொண்டுபோவது, எப்படி ஓடுவது என்பதையெல்லாம் உங்கள் கோச் சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது.

முதல் கோப்பையை நாங்கள் வென்றபோது நான் மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் குந்திக்கொண்டிருந்தவன். அப்போது எங்கள் தலைவராக இருந்தவர் ஹெயிற்றியில் பிறந்து மொன்றியாலில் வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். இறுதி ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கை அவர் புருவத்தில் பட்டது. இரத்தம் இல்லை, வீக்கமும் இல்லை. அரை நிமிடம் ஓடிப் பார்த்தார். பிறகு தானாகவே கையைத் தூக்கிக்கொண்டு கோச்சிடம் நடந்து வந்தார். "எனக்கு இரண்டு வளையம் தெரியுது. என்னை வெளியே எடு" என்றார். கோச் கெஞ்சினார். சபையில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். மனிதர் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்துவிட்டார். நாங்கள் முன்னுக்கு நின்ற புள்ளியெல்லாம் கரைந்து, கடைசியில் ஒரே ஒரு புள்ளியால் தப்பி வென்றோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனிடம் நான் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றேன். இளமைத் திமிர், வேறென்ன. முன் இருக்கையில் இருந்த அவருக்குக் கேட்டுவிட்டது. திரும்பிப் பார்த்து, கோபமே இல்லாமல், "வாங்கில் இருந்து பார்க்கிறவனுக்கு எப்போதும் ஒரு வளையம்தான் தெரியும்" என்றார். அந்தப் பாடத்தை அன்றைக்கே படித்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

இரண்டாவது கோப்பை என் கெட்டித்தனத்துக்குக் கிடைத்தது என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மை என்னவென்றால், அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதி எனக்கு ஞாபகமே இல்லை. முதல் பாதி முடிய முன்னர் வழுக்கி விழுந்து பின்மண்டை தரையில் அடித்தது. யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் எழும்பி ஆடினேன். பிறகு ஒளிநாடாவில் பார்த்தபோது என் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருவன் அழகாக ஆடிக்கொண்டிருந்தான். அந்த இறுதியாட்டத்தின் சிறந்த வீரர் விருதையும் எனக்கே தந்தார்கள்.

இதைப் பகிடியாகச் சொல்லித் திரிந்தேன். "தலை இல்லாமலே கோப்பை எடுத்தவன் நான்" என்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்து தப்பியதைத் திறமை என்று நம்பிவிட்டேன். நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அதிர்ஷ்டத்தால் தப்பியவன் சொல்லும் புத்தியைக் கேட்காதீர்கள். அவனுக்குத் தெரிந்தது அவன் தப்பினான் என்பது மட்டும்தான்.

இனி மூன்றாவது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் அன்ரன் எங்கள் அணிக்கு வந்தான். மன்னாரில் பாதர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் சீமெந்துத் தரையில் ஆடிப் பழகியவன். பதினேழு வயதில் தாயோடு இங்கே வந்து மொன்றியாலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் குடியிருந்தான். எங்களோடு சேரும்போது இருபத்திரண்டு. காற்று மாதிரி ஓடுவான். அப்போது நான்தான் அணித்தலைவன், முப்பத்து நாலு வயது, முழங்கால் இரண்டும் முனகத் தொடங்கிவிட்டன. அதுதான் என் கடைசிப் பருவம் என்று எனக்குத் தெரியும்.

ஒரே அணியில் இரண்டு தமிழர் என்பது அந்த லீக்கில் யாரும் காணாத காட்சி. நாங்கள் அதை ஆயுதமாக்கினோம். ஆட்டத்துக்குள் எங்கள் இருவருக்கும் தமிழ் மட்டும்தான். ஒருவன் நின்று எதிராளியை மறிக்க வேண்டுமென்றால் "வேலி". நடுவால் வழி திறந்தால் "படலை". எதிராளியின் முதுகுக்குப் பின்னால் சுழன்று வளையத்துக்கு ஓட வேண்டுமென்றால் "பின்வளவு". எதிரணி முழித்துக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாளில் எங்கள் அணியின் ஆறடி ஒன்பது அங்குல நடு ஆட்டக்காரனும் "வேலி! வேலி!" என்று கத்தப் பழகிவிட்டான். கோச்சுக்கும் அணி டொக்டருக்கும் இது தெரியும், பெருமையும்கூட. இப்படி ஒரு கெட்டித்தனம் எங்களைத் தவிர வேறு யாருக்கும் வாய்த்திருக்காது. அதைக் கொண்டு நான் செய்த காரியத்தையும் வேறு யாரும் செய்திருக்க முடியாது.

இறுதி ஆட்டம் எங்கள் சொந்த மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம். கடைசிக் கால்பகுதியில் நாலு நிமிடம் மிச்சம், இரண்டு புள்ளி பின்னுக்கு நின்றோம். வெளியே போன பந்தைப் பிடிக்க அன்ரன் பாய்ந்தான். எதிரணிக்காரனின் முழங்கால் அவன் காதுக்கு மேலே மோதியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு கணம் அசையாமல் கிடந்தான். பிறகு தானே எழும்பி நின்றான். கோச் ரைம் அவுட் கேட்டார்.

எங்கள் அணி டொக்டர் வயதான மனிதர், கியூபெக்காரர், ஒருநாளும் அவசரப்படாதவர். அன்ரனை இருத்திவிட்டு அவன் முன்னால் முழங்காலில் இருந்து கண்ணைப் பார்த்தார். அன்ரன் அவரோடு எப்போதும் இங்கிலீசில்தான் பேசுவான். டொக்டர் இங்கிலீசில் கேட்டார், இது எத்தனையாவது கால்பகுதி என்று.

அன்ரன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"அண்ணை, மணி அடிச்சிட்டுதோ?" என்று தமிழில் கேட்டான்.

அவன் கேட்டது பள்ளிக்கூட மணியை. டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். "நாலாவது என்று சொல்கிறான்" என்றேன்.

யாரோடு ஆடுகிறோம் என்று கேட்டார்.

"பாதர் ஏசப்போறார் அண்ணை. சப்பாத்தெல்லாம் ஈரமாப் போச்சு."

நான் எதிரணியின் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். அன்ரன் என் சட்டை நுனியைப் பிடித்தான். "வாங்கோ, வீட்டை போவம். அம்மா ரோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பா."

"மொன்றியாலில், எங்கள் மண்டபத்தில் என்கிறான்" என்றேன்.

டொக்டருக்கு ஏதோ உறுத்தியது. "என்னோடு ஏன் இங்கிலீசில் பேசுகிறான் இல்லை?" என்று கேட்டார். "ஆட்டத்துக்குள் நாங்கள் தமிழ்தானே டொக்டர், உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். சிரித்தும் வைத்தேன். அந்தச் சிரிப்புத்தான் அவரை நம்பவைத்தது என்று நினைக்கிறேன். அன்ரனின் தோளில் தட்டிவிட்டு எழுந்துகொண்டார்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அந்தக் காலத்தில் தலையடியைப் பற்றி இப்போது போல அறிவு இல்லை என்று சிலர் எனக்காகப் பரிந்து பேசுவார்கள். வெறும் பேய்க்கதை. இருபத்திரண்டு வயதுக்காரன் தன்னைப் பள்ளிக்கூடப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு நிற்கிறான் என்பதை விளங்கிக்கொள்ளப் படித்திருக்க வேண்டுமா? எனக்கு விளங்கியது. அவன் இல்லாமல் தோற்றுவிடுவோம் என்பதும் விளங்கியது. எனக்கு அந்தக் கோப்பை வேண்டும். தலைவனாக ஒன்று வேண்டும். என் தலை தெளிந்த மாதிரி இவன் தலையும் தெளிந்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்தது.

அவன் ஆடினான். அதுதான் கொடுமை. நான் "பின்வளவு!" என்று கத்த அவன் கால்கள் தாமாகவே சுழன்று ஓடின, நான் கொடுத்த பந்தைப் பிடித்துப் போட்டான், சமநிலைக்கு வந்தோம். அதற்கடுத்த முறை வளையத்துக்கு ஓடியபோது ஒருவனின் தோள் நெஞ்சில் இடித்து மல்லாக்க விழுந்தான். தலை தரையில் பட்டது. மீண்டும் எழும்பினான். டொக்டர் எழுந்து நின்றதை ஓரக்கண்ணால் கண்டேன். நான் கையை உயர்த்தி எல்லாம் சரி என்று காட்டினேன். இரண்டு புள்ளியால் வென்றோம்.

எல்லோரும் என்னைத் தூக்கினார்கள். கோப்பையைக் கையில் தந்தார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்குப் போசனம் தாராளமாகக் கிடைத்தது. அரைமணித்தியாலம் கழித்து உடுப்பு மாற்றும் அறைக்குப் போனபோது அன்ரன் குளிக்கும் இடத்தில், ஆடிய உடுப்போடு, சத்தியெடுத்தபடி தரையில் இருந்தான். நான் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. ஒரு பக்க வாய் கோணிக்கிடந்தது.

அம்புலன்ஸ் அவனைக் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அன்ரனின் அம்மா அங்கேயே துப்புரவு வேலை செய்தவர். ஞாயிறென்றாலும் அன்றைக்கு அவருக்கு வேலை. சீருடையோடு, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். தலையைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்தார்கள். அது முடிந்ததும் சத்திரசிகிச்சை செய்தவர் எங்களிடம் வந்தார். அன்ரனின் அம்மாவுக்குப் பிரெஞ்சில் போன்ஜூரும் மெர்சியும்தான் தெரியும், இங்கிலீசு அதுவும் இல்லை. ஆகவே அங்கேயும் நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

உயிர் தப்பும் என்றார். அதைச் சொன்னேன். மிச்சம் போகப்போகத்தான் தெரியும் என்றார். அதையும் சொன்னேன். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "முதல் அடிக்குப் பிறகு குழம்பிப் பேசினானா?"

"பேசினான்" என்றேன்.

"உங்கள் டொக்டருக்குத் தெரியுமா?"

"இல்லை. நான் அவரிடம் வேறு விதமாகச் சொன்னேன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்ரனின் அம்மா என் கையைப் பிடித்து, "டொக்டர் என்ன கேக்கிறார் தம்பி?" என்றார்.

"எத்தினை மணிக்கு விழுந்தவன் எண்டு கேக்கிறார் அக்கா."

"நல்லகாலம் நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். மாதாதான் உங்களை அங்கை விட்டிருக்கிறா." டொக்டரைப் பார்த்து, "மெர்சி டொக்டர், மெர்சி" என்றார்.

போகும்போது அந்த டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வசனம் சொன்னார். முதல் அடியோடு அவனை வெளியே எடுத்திருந்தால் பெரும்பாலும் இன்றைக்குத் தலையிடியோடு வீட்டில் படுத்திருப்பான் என்றார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அன்ரன் கோடை தொடங்க வீட்டுக்கு வந்தான். வலக்கை தூக்கமாட்டான். பேச்சு போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. "ஓம்." பசிக்குதோ என்றால் ஓம். நோகுதோ என்றால் ஓம். ஆளைத் தெரியுதோ என்றாலும் ஓம்தான். எது உண்மையான ஓம் என்று அவன் அம்மாவுக்கே தெரியாது. நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து போவேன். அவன் அம்மா எனக்குப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தருவார். "இவ்வளவு பேர் ரீமில இருந்தும் நீங்கள் ஒராள்தான் வந்து பாக்கிறீங்கள்" என்பார். நான் குடித்துவிட்டு வருவேன். அப்படி எத்தனை ஞாயிறு போனதென்று நினைத்தால் இப்போதும் எனக்கு என்னில் அருவருப்பாக இருக்கிறது.

அணி டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று அதுவரை நம்பியிருந்தார். அடுத்த பருவம் அவரும் இல்லை, நானும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. ஒருநாள் உங்களில் யாராவது தலைவனாக நிற்பீர்கள். அடிபட்டவனுக்கும் அவனைக் காப்பாற்றக்கூடிய ஆளுக்கும் நடுவில் நீங்கள் மட்டும் நிற்பீர்கள். அவன் மொழி உங்களுக்கு மட்டும் விளங்கும். அது தமிழாக இருக்கும் என்றில்லை. அவன் நடக்கிற விதமாக இருக்கலாம், வழக்கமாகப் போடுகிற பகிடியைப் போடாமல் இருப்பதாக இருக்கலாம். அப்போது நேரம் இருக்காது. கண்டதை அப்படியே சொல்லுங்கள். தோற்றால் தோற்றுப் போங்கள். நான் வென்று பார்த்துவிட்டேன், அதில் ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் எங்கள் பங்குக் கோவில் மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மூன்று முறை வாகை சூடிய தமிழர் என்று நோட்டீஸ் அடித்தாயிற்று. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்ரனின் அம்மாவைக் கொண்டே எனக்குப் பொன்னாடை போர்த்துவிப்பது என்று விழாக் குழுவில் முடிவு. அவரும் சந்தோசமாக ஒத்துக்கொண்டாராம். அதைக் கேட்ட பிறகு என்னால் படுக்க முடியவில்லை. விழாவுக்கு முதல்நாள் மத்தியானம் நான் குடியிருந்த கார்ட்டியர்வில்லில் இருந்து பஸ் எடுத்துக் கோட்-டெ-நெய்ஜுக்குப் போனேன்.

அன்ரனின் அம்மா குசினியில் அடுத்தநாள் உடுக்கும் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அன்ரன் ஜன்னலடியில் கதிரையில் இருந்தான். "வாங்கோ தம்பி. பொன்னாடை நானே கடைக்குப் போய்த் தெரிஞ்செடுத்தனான், பாருங்கோ நல்ல நிறம்" என்று பையை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அக்கா, அண்டைக்கு முதல் அடி பட்டவுடனை அன்ரனுக்குத் தலை பிசகிப் போச்சு. டொக்டர் கேட்ட ஒண்டுக்கும் அவன் சரியாச் சொல்லேல்லை. தமிழிலதான் கதைச்சவன். நான்தான் டொக்டருக்கு மாத்திச் சொன்னனான். அவனை விளையாட விட்டது நான்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிளக்கைக் கழற்றினார். ஏன் என்று கேட்பார் என நினைத்தேன். அதற்குத்தான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பதில் கட்டிக்கொண்டு வந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"என்ன சொன்னவன்?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்ரன். தமிழில கதைச்சவன் எண்டனீங்கள். என்ன சொன்னவன்?"

மணி அடித்துவிட்டதா என்று கேட்டதைச் சொன்னேன். பாதர் ஏசப்போறார், சப்பாத்து ஈரம் என்றதைச் சொன்னேன். வீட்டை போவம், அம்மா ரோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பா என்று சொல்லி என் சட்டையைப் பிடித்ததையும் சொன்னேன்.

"திரும்பச் சொல்லுங்கோ."

திரும்பவும் சொன்னேன். உதடு அசைய அசைய என்னோடு சேர்ந்து அவரும் சொன்னார். பிறகு பொன்னாடைப் பையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதன்பின் என்னை அவர் நீங்கள் என்று சொல்லவில்லை.

"ஆறு மாசமா அவன்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். ஒரு சொல்லாவது வராதோ எண்டு. அவன் கடைசியாக் கதைச்சது உன்னட்டைக் கிடந்திருக்கு. ஒவ்வொரு ஞாயிறும் வந்து என்ரை கையால பிளேன்ரீ குடிச்சனீ. அண்டைக்கெல்லாம் உன்னட்டைக் கிடந்திருக்கு."

"அக்கா..."

"அவன் என்னட்டை வரவேணும் எண்டு கேட்டிருக்கிறான். நீ அதை மாத்தி ஒரு கோப்பைக்கு வித்துப்போட்டாய்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் உள்ளே போய், அன்ரனின் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் இருந்து, தூக்காத அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"போகேக்கை கதவைச் சாத்திப்போட்டுப் போ. அவனுக்குக் குளிரும்."